இருபதாவது காணிக்கு இரண்டு மணி நேரம்

இதை வாசிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேறு ஒருவருக்கும் காட்டாதீர்கள். வாசித்து முடிந்ததும் மைமூனிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். பெரிய ரீச்சரின் கண்ணில் பட்டால் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. எங்கள் ஐயாவின் கண்ணில் பட்டால் வீட்டு வாசலையே தாண்ட முடியாது. ஆனாலும் தவமணியைப் பற்றி ஒருவராவது உண்மையை எழுதிவைக்க வேண்டும். அவளோடு ஒரே வகுப்பில் இருந்த நீங்கள் எல்லோரும் அவளைத் தெரிந்தவர்கள். அந்தக் கடதாசியைப் பற்றித் தெரிந்தவள் நான்.

செய்தி வந்தபோது நீங்களும் இருந்தீர்கள். திங்கட்கிழமை இரண்டாம் பாடம். மைமூன் பிந்தி வந்து வாசலிலேயே நின்றாள். அவள் ஒருநாளும் பிந்துகிறவள் அல்ல. பரந்தன் சந்தியில் அவளுடைய வாப்பா கடை வைத்திருக்கிறார். முதல் பஸ்ஸில் வருகிற செய்தியெல்லாம் அந்தக் கடையில்தான் இறங்கும். "ரீச்சர், தவமணி மௌத்தாப் போச்சுது" என்றாள். மௌத்து அவர்களுடைய வீட்டுச் சொல். விளங்கவில்லையோ என்று நினைத்தாளோ என்னவோ, "செத்துப் போச்சுது ரீச்சர். விடியப்புறம், ஆஸ்பத்திரியிலை" என்று இன்னொரு முறை சொன்னாள். நெருப்புக் காய்ச்சலில் பத்து நாள் படுத்திருந்தாள் தவம். பதினோராவது நாள் வருவாள் என்று அவளுடைய மைக்கூட்டை நான் கழுவி நிரப்பி வைத்திருந்தேன். அது அன்றைக்கு முழுவதும் அவளுடைய மேசையில் திறந்தபடி இருந்தது.

தவத்துக்கு ஒரு அண்ணன் லண்டனில் இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் அனுப்பிய கைமணிக்கூட்டை அவள் கட்டிக்கொண்டு வந்த அன்று நாங்கள் வரிசையில் நின்று காதில் வைத்துக் கேட்டோம். அவர் எழுதும் நீலக் கடிதங்களில் என்ன இருந்தது என்பது எனக்கும் மைமூனுக்கும் மட்டுந்தான் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாய்க்கால் மதகில் மூன்று பேரும் இருப்போம். தவம் கடிதத்தை விரித்து வாசிப்பாள்.

அண்ணன் வேலை செய்யும் கந்தோரில் ஒரு அறை நிறையக் கணக்குச் செய்யும் இயந்திரம் இருக்கிறதாம். அது என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சின்னப் பாஷையில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனால் இயந்திரத்துக்கு அந்தப் பாஷை விளங்காது, எண்கள்தான் விளங்கும். அதனால் இரண்டுக்கும் நடுவில் நின்று சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். கோர்ட்டில் நீதவானுக்கும் சாட்சிக்காரனுக்கும் நடுவில் ஒருவர் நிற்பாரே, அதுபோல. இந்த மொழிபெயர்ப்பாளர் மனிதர் அல்ல, இயந்திரத்துக்குள்ளேயே எழுதிவைத்திருக்கும் ஒரு நீண்ட ஒழுங்கு. ஒரே பாஷைக்கு இரண்டு மூன்று பேர் தங்கள் தங்கள் பாட்டில் இப்படி எழுதியிருக்கிறார்களாம். ஒன்று, ஒரு வரியை வாசிக்கும், செய்யும், மறந்துவிடும். திரும்ப அதே வரிக்கு வந்தால் புதிதாக வாசிக்கும். இன்னொன்று, எல்லா வரியையும் முதலிலேயே எண்களாக மாற்றி வைத்துக்கொண்டு ஓடும். ஒரே கணக்கை எல்லாவற்றுக்கும் கொடுத்து, மணிக்கூடு பிடித்து, எது எவ்வளவு வேகம் என்று பார்ப்பதுதான் தன் வேலை என்று அண்ணன் எழுதியிருந்தார்.

தவம் கடிதத்தை மடித்தாள். "நாங்களும் பாப்பம்" என்றாள்.

"எங்களட்டை மெசின் இல்லையே" என்றேன்.

"ஏன் இல்லை? நீ ஒண்டு. மைமூன் ஒண்டு."

"அப்ப நீ?"

"நான் மணிக்கூடு."

மைமூன் சிரித்தாள். "எங்கடை மண்டைக்குள்ளை ஒண்டுமில்லை எண்டு சொல்லுறாய், என்ன?"

"இருந்தாலும் பாவிக்கக்கூடாதடி. அதுதான் விதி."

எந்தக் கணக்கைக் கொடுப்பது என்று இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் மதகில் ஏறி இருந்தபடி காலுக்குக் கீழே ஓடுகிற தண்ணீரைக் காட்டினாள். எங்கள் வாய்க்காலில் முப்பத்திரண்டு காணிகள். திங்கள் காலை ஆறு மணிக்கு முதலாம் காணிக்குத் தண்ணீர் திறக்கும். நாலரை மணி நேரம் முடிந்ததும் இரண்டாம் காணி. அப்படியே இரவு பகலாகப் போய் ஞாயிறு விடியலில் முடியும். நடுச்சாமத்தில் முறை வந்தால் நடுச்சாமத்தில் மண்வெட்டியும் அரிக்கன் லாம்புமாகப் போய் நிற்க வேண்டும். இது எங்கள் எல்லோருடைய வீட்டிலும் உள்ள சங்கதி. அதைத் தவம் ஆறு வரியில் எழுதினாள். பாஷையும் அவளே வைத்த பாஷை. எழுது, கூட்டு, மாற்று, திரும்பு, நில் என்று ஐந்து சொற்கள். வேறு சொல் பாவித்தால் அடித்துவிடுவாள்.

முதலில் மைமூன் ஓடினாள். ஓடினாள் என்பது தவத்தின் சொல். மைமூன் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. விரலை முதல் வரியில் வைத்து, சத்தமாக வாசித்து, செய்து, விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள். கடைசி வரி வந்ததும் மேலே போய் மறுபடி அதே வரியை, முன்பின் காணாத வரியைப் போல, சத்தமாக வாசித்தாள். பத்தாவது காணியில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"எடியே, அந்த வரிதான் பாடமாயிருக்குமே. ஏன் ஒவ்வொருக்காலும் வாசிக்கிறாய்?"

"எழுதிக் கிடக்கிறதை வாசிக்காமல் செய்யச் சொல்லுறியா?" என்றாள் மைமூன். விரலை எடுக்கவில்லை.

முப்பத்திரண்டு காணிக்கும் இருபத்தொரு நிமிடம் எடுத்தாள். ஒரு பிழையும் இல்லை. அடுத்தது நான். நான் வரிகளைப் பார்த்தவுடனேயே சொற்களைத் தூக்கி எறிந்தேன். காணி என்ற சொல்லையும் விட்டேன். எண், நாள், நேரம் மட்டும். பதின்மூன்று நிமிடத்தில் முடித்தேன். தவம் கொப்பியில் இரண்டையும் ஒரே மாதிரி அழகாக எழுதினாள். தோற்றவருடைய நேரத்தைக் கிறுக்கி எழுதுவது அவளுக்குப் பிடிக்காது. "பிந்தி வந்ததுக்கும் ஒரு காரணம் இருக்கும், அதை வடிவா எழுதினால்தான் பிறகு வாசிக்கலாம்" என்பாள்.

நான் வென்றுவிட்டேன் என்று குதித்தேன். "பொறு" என்றாள். ஒரு முறை பார்த்து முடிவு சொல்லக்கூடாதாம். காலையில் ஒருக்கால், பசியில் ஒருக்கால், சாப்பிட்ட பிறகு ஒருக்கால் பார்க்க வேண்டுமாம். சாப்பிட்ட பிறகு பார்ப்பதற்காக அவள் கொண்டுவந்த புட்டை எனக்கும் மைமூனுக்கும் பாதி பாதியாகப் பிரித்துத் தந்தாள். "மணிக்கூட்டுக்குப் பசிக்காது" என்றாள். அன்று மாலை அவள் வெறும் வயிற்றோடு வீட்டுக்குப் போனதை நான் அப்போது யோசிக்கவில்லை.

இப்போது என்னுடைய கள்ளத்தைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது முறை எழுதும்போது ஒன்றைக் கண்டுபிடித்தேன். முதலாம் காணிக்குக் காலை ஆறு மணி. பதினேழாம் காணிக்கும் காலை ஆறு மணி, நாள் மட்டும் வியாழன். இரண்டாம் காணிக்குப் பத்தரை என்றால் பதினெட்டாம் காணிக்கும் பத்தரை. பதினாறு காணிக்குப் பிறகு நேரமெல்லாம் திரும்ப அப்படியே வருகிறது. பிறகு ஏன் கூட்ட வேண்டும்? மேலே உள்ள பதினாறு நேரத்தைக் கீழே பார்த்து எழுதி, நாளை மட்டும் மூன்று தள்ளினேன். உதட்டை மட்டும் கணக்குப் போடுகிறவள் போல அசைத்துக்கொண்டிருந்தேன். ஆறு நிமிடம்! தவம் மணிக்கூட்டைக் காதில் வைத்துப் பார்த்தாள், நின்றுவிட்டதோ என்று. பிறகு என்னைக் கட்டிப்பிடித்தாள். "அண்ணைக்கு எழுதப் போறன். லண்டனிலை உள்ளதெல்லாம் உனக்குப் பின்னாலைதான்" என்றாள். நான் உண்மையைச் சொல்லவில்லை. அவ்வளவு சந்தோசமாக ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து வெகு காலமாகியிருந்தது.

ஒரு வாரம் நான் பெரிய ஆளாகத் திரிந்தேன். மைமூனுக்கு "நத்தை" என்று பெயர் வைத்தேன். "நத்தை வீட்டை முதுகிலை கொண்டு போகும். நீ எதைக் கொண்டு போறாய்?" என்று அவள் கேட்டாள்.

பிறகு ஒரு வியாழக்கிழமை. தவம் கடதாசியில் ஒரு மாற்றத்தோடு வந்தாள். நாலாவது வரியில் இருபதாம் காணிக்கு மட்டும் இரண்டு மணி நேரம் என்று எழுதியிருந்தாள். இருபதாவது காணி அவர்களுடையது. பாதிக்கு மேல் மேட்டு நிலம். வயல் செய்யக்கூடிய அளவுக்குத்தான் தண்ணீர் தருவார்கள். "எல்லாரையும் போலை எங்களுக்கும் நாலரை எண்டு இவ்வளவு நாளும் பொய்யா எழுதிப்போட்டன். இப்ப உள்ளபடி ஓடுங்கோ" என்றாள்.

நான் அந்த வரியைப் பார்த்தேன். ஆனால் என் கை பழையபடி ஓடிவிட்டது. மேலே உள்ளதைக் கீழே எழுதினேன். இருபத்தோராம் காணிக்கு நடுச்சாமம் என்று எழுதி, முப்பத்திரண்டு வரைக்கும் போய், கடதாசியை நீட்டினேன். ஐந்தரை நிமிடம். மைமூன் இருபத்திரண்டு நிமிடம் எடுத்தாள். தவம் இரண்டு கடதாசிகளையும் முழங்காலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மைமூனுடையதில் இருபத்தோராம் காணிக்கு வியாழன் இரவு ஒன்பதரை. ஏழரைக்கு இருபதாம் காணி, இரண்டு மணி நேரம், ஒன்பதரை. அதுதான் சரி. அதற்குக் கீழே என்னுடையது பன்னிரண்டும் பிழை.

தவம் என்னைப் பார்த்தாள். மேலே உள்ள பதினாறையும் கீழே உள்ள பதினாறையும் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் காது சுட்டது. மதகில் இருந்து வாய்க்காலுக்குள் குதித்துவிடலாமா என்று இருந்தது.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். விக்கல் வருமட்டும் சிரித்தாள். "எடி கள்ளி! நீ வயலுக்குத் தண்ணி விடேல்லையடி, கொப்பிக்கு விட்டிருக்கிறாய்!"

"இப்ப நத்தை ஆரு?" என்றாள் மைமூன்.

நான் அழுதுவிட்டேன். தவம் தன் தாவணித் தலைப்பால் என் மூக்கைத் துடைத்தாள். "ஏன் அழுறாய்? நீ கண்டுபிடிச்சது நல்ல விசயம். திரும்பி வருகுது எண்டு எனக்கே தெரியேல்லை. இடையிலை ஏதும் மாறியிருக்கோ எண்டு பாத்திட்டு ஓடியிருந்தால், நீதான் கெட்டிக்காரி." பிறகு அவள் சொன்னதை நான் அப்படியே வைத்திருக்கிறேன். "வேகம் ஆளுக்கு ஆள் மாறும். விடை மாறக்கூடாது. ஆர் செய்தாலும் ஒரே விடை வரவேணும். அப்பதான் அது கணக்கு."

சிவப்புப் பென்சிலை எடுத்து என் கடதாசியில் இருபதுக்குக் கீழே ஒரு கோடு கீறினாள். நான் எழுதிய நடுச்சாமத்தை வெட்டி, வியாழன் இரவு 9.30 என்று பக்கத்தில் எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டாள். மைமூனின் கடதாசியை அண்ணனுக்கு அனுப்புவதற்காக நீல உறைக்குள் வைத்தாள். என்னுடையதைத் தன் புத்தகத்துக்குள் வைத்தாள். "இதை எனக்குத் தா. எனக்குச் சிரிப்பு வேணும் எண்டால் எடுத்துப் பாக்க" என்றாள். மறுநாள் வெள்ளிக்கிழமை அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்களுக்குத் தெரிந்தது சரியல்ல.

செத்தவீடு முடிந்த பிறகு பெரிய ரீச்சர் தவத்தின் மேசை லாச்சியைத் துப்புரவாக்கினார். பூமிசாத்திரப் புத்தகத்துக்குள் அந்தக் கடதாசி இருந்தது. ஒன்று முதல் முப்பத்திரண்டு வரை எண்கள். நாட்கள். நேரங்கள். இரவு ஏழரை, நடுச்சாமம், விடியப்புறம் நாலரை. நடுவில் வியாழன் இரவு ஒன்பதரைக்குச் சிவப்பு வட்டம். வெள்ளிக்கிழமை பிள்ளை காய்ச்சலில் விழுந்திருக்கிறது. பெரிய ரீச்சர் கூடாதவர் அல்ல. செத்தவீட்டில் அவர் தவத்தின் அம்மாவைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் கண்டேன். ஆனால் அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர். கிணற்றில் இறைக்கிற ஊரில் நினைத்த நேரம் தண்ணீர் இறைக்கலாம். தண்ணீருக்கு முறை உண்டு, அந்த முறை நடுச்சாமத்திலும் வரும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? வயதுவந்த பிள்ளை, இரவு நேரங்கள், சிவப்பு வட்டம். அவர் நினைத்ததைத்தான் நினைப்பார்.

அதை அவர் தவத்தின் அப்புவுக்குக் காட்டவில்லை. பெற்ற மனம் நோகும் என்று காட்டவில்லை. ஆளைக் கூப்பிட்டு, "இரவிலை ஆரையோ சந்திக்கிற நேரம் எல்லாம் குறிச்சு ஒரு கடதாசி கிடந்தது. போன பிள்ளையைப் பற்றிக் கதைச்சுப் பிரயோசனமில்லை, இளைய பிள்ளையைக் கவனமாப் பாருங்கோ" என்று மட்டும் சொன்னாராம். தவத்தின் அப்புவும் அதைக் காட்டுங்கோ என்று கேட்கவில்லை. எந்தத் தகப்பன் கேட்பார்? தண்ணீர் முறை தெரிந்தவர் கடதாசியைக் காணவில்லை. கடதாசியைக் கண்டவருக்குத் தண்ணீர் முறை தெரியாது. அப்பு ஒருமுறை கண்ணால் கண்டிருந்தால் போதும். இருபதாவது காணிக்கு இரண்டு மணி நேரம் என்பது இந்த வாய்க்காலில் அவர் ஒருவருக்கு மட்டும் உள்ள முறை.

பெரிய ரீச்சர் அதை வகுப்புக்குக் கொண்டுவந்த நாளை மறந்திருக்க மாட்டீர்கள். மேற்பாதியை மடித்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாகக் காட்டினார். "இது ஆரின்ரை எழுத்து? தவமணியின்ரை இல்லை. பாத்தால் ஆம்பிளை எழுத்து மாதிரிக் கிடக்கு" என்றார். வேகமாக எழுதினால் என் எழுத்து அப்படித்தான் இருக்கும். என் மேசைக்கு வந்தார். மேசைக்கு அடியில் மைமூனின் கால் என் காலை மிதித்தது.

"தெரியாது ரீச்சர்" என்றேன்.

மைமூன் எழும்பினாள். "ரீச்சர், அது தண்ணி முறை" என்றாள்.

"தண்ணி முறைக்கு ஏன் பிள்ளை சிவப்பு வட்டம்? சிநேகிதியின்ரை பேரைக் காப்பாத்தப் பாக்கிறாய். நல்ல பிள்ளை. இரு."

மைமூன் இருந்தாள். அது என் எழுத்து என்று அவள் சொல்லவில்லை. அது நான் சொல்ல வேண்டியது என்று விட்டுவிட்டாள். அன்று பின்னேரம் வாய்க்கால் கரை நெடுக என்னோடு நடந்து வந்தாள். பிரியும் இடத்தில், "நான் சொன்னால் நம்பமாட்டினம் புனிதம். நான் எழுதினது லண்டனுக்குப் போட்டுது. இஞ்சை கிடக்கிறது நீ எழுதினது" என்றாள்.

அண்ணனுக்குத் தந்தி மட்டும் அடித்தார்கள். இந்தக் கதையை அவருக்கு எழுதக்கூடாது என்று அப்பு தடுத்துவிட்டாராம்.

எட்டாம் நாள் படைக்கும் எட்டுச் செலவுக்கு அடுத்த நாள் நானும் அம்மாவும் அவர்களுடைய வீட்டுக்குப் போனோம். தவத்தின் தங்கச்சி சரசு முற்றத்தில் நெல்லுக்குக் காவல் இருந்தாள். பள்ளிக்கூட நாள், பத்து மணி. பதினொரு வயதுப் பிள்ளை. என் கையைப் பிடித்து வேலிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"புனிதக்கா, அக்கா ஆருக்கு எழுதினவா?"

நான் வேலியில் ஒரு இலையைப் பிய்த்தேன்.

"எனக்கு இனிப் பள்ளிக்கூடம் இல்லையாம். அக்கா எழுதினதாலையாம். அக்கா ஏன் எழுதினவா?"

கோழியைக் கலைக்கிற மாதிரிக் கையை வீசிக்கொண்டு அங்கால் போய்விட்டேன். இதை எழுதும்போதுகூட அந்தக் கை எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். என் அக்காவை உங்களில் சிலருக்குத் தெரியும். அவளுடைய குடைக்குள் யாரோ ஒரு துண்டுக் கடதாசியைப் போட்டான். அவள் அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த கிழமை பள்ளிக்கூடம் நின்றது. அடுத்த தைக்குள் ஓமந்தைக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். குடைக்குள் வந்த கடதாசிக்கே அப்படி என்றால், என் கையால் எழுதிய கடதாசிக்கு எப்படி? ஐயா முதலில் அடிப்பார், பிறகுதான் கேட்பார். கேட்கும்போது எனக்குச் சொல் வராது. அதுதான் பயம்.

நாளைக்கு முப்பத்தோராம் நாள். ஊரைக் கூப்பிடாமல், ஐயரை மட்டும் வைத்து முடிக்கப் போகிறார்களாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டிருக்கிறார்கள். தவத்தைப் பற்றி நல்லதாக நாலு சொல் சொல்ல ஒருவரும் இல்லாமல் அந்த நாள் போகப் போகிறது.

அதற்காகத்தான் இதை எழுதத் தொடங்கினேன். ஆனால் எழுதிக்கொண்டு வரும்போது கை இடையில் நின்றுவிட்டது. நான் சொல்வதை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? மைமூன் சொன்னதை நம்பவில்லையே. அப்போதுதான் தவம் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆர் செய்தாலும் ஒரே விடை. காதல் கடிதம் என்றால் இரண்டு பேருக்குத்தான் விளங்கும். இது யார் செய்தாலும் வரும். இதோ, அவளுடைய ஆறு வரிகள்.

ஒன்று: காணி 1. நேரம் திங்கள் காலை 6.
இரண்டு: காணி, நாள், நேரம் எழுது.
மூன்று: காணி 32 என்றால் நில்.
நாலு: காணி 20 என்றால் 2 மணி கூட்டு. இல்லையென்றால் நாலரை மணி கூட்டு.
ஐந்து: நடுச்சாமம் வந்தால் நாளை மாற்று.
ஆறு: காணியில் 1 கூட்டு. இரண்டாம் வரிக்குத் திரும்பு.

நீங்களே ஓடிப் பாருங்கள். நத்தையாக ஓடினாலும் சரி. இருபத்தோராம் காணிக்கு எல்லோருக்கும் வியாழன் இரவு ஒன்பதரைதான் வரும். அந்தச் சிவப்பு வட்டத்துக்குள் இருப்பது அதுதான்.

நானும் இன்றைக்கு இந்த மேசையில் இருந்து ஓடினேன். மைமூன் ஓடுகிற மாதிரி. விரலை வைத்து, உதட்டுக்குள் வாசித்து, செய்து, திரும்பப் போய் அதே வரியைப் புதிதாக வாசித்து. காணி என்ற சொல்லை முப்பத்திரண்டு இடத்திலும் எழுதினேன். அந்தச் சொல்லை நான் வேகத்துக்காக விடாமல் இருந்திருந்தால் பெரிய ரீச்சருக்கும் விளங்கியிருக்கும். கள்ளம் செய்யாமல் இருந்திருந்தால் தவம் சிவப்புப் பென்சிலை எடுத்திருக்கவே மாட்டாள். சுவர் மணிக்கூட்டில் பார்த்தேன். இருபத்தேழு நிமிடம். இதுவரை ஓடினதில் மிகப் பிந்தி வந்தது இதுதான். இதையும் வடிவாக எழுதி வைக்கிறேன் தவம்.

உன்னுடைய மணிக்கூடு அப்புவின் பெட்டிக்குள் இருக்கிறதாம். நீலக் கடிதங்களை எரித்துவிட்டார்கள் என்று கேள்வி. என்னிடம் உன்னுடைய பொருள் ஒன்றும் இல்லை. உன்னுடைய ஐந்து சொற்கள் இருக்கின்றன. மூக்கைத் துடைத்த தாவணித் தலைப்பின் ஈரம் இருக்கிறது. பிழை விட்டவளைப் பார்த்து விக்கல் வருமட்டும் சிரிக்கலாம், அதற்காக அவளை விட்டுவிட வேண்டியதில்லை என்று நீ காட்டியது இருக்கிறது. இவ்வளவு நாளும் நான் அதை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

பிள்ளைகளே, இந்தக் கடிதத்தின் முதல் வரியை வெட்டிவிடுங்கள். ஒருவருக்கும் காட்டாதீர்கள் என்று எழுதினேன், அது பிழை. காட்டுங்கள். உங்கள் வீட்டில் தண்ணீர் கட்டப் போகிறவர்களிடம் காட்டுங்கள். விடிந்ததும் இதையும் அந்த முப்பத்திரண்டு வரியையும் எடுத்துக்கொண்டு நானே தவத்தின் அப்புவிடம் போகப் போகிறேன். பெரிய ரீச்சரிடம் பிறகு போய், என் எழுத்து என்று சொல்வேன். மைமூன் கூட வருவாள். சரசுவுக்கு

கதவில் தட்டுகிறார்கள். அம்மா தட்டுகிற மாதிரி இல்லை. ஐயாவின் செருமல்.

"பிள்ளை, என்ன இன்னும் லாம்பு எரியுது? ஆருக்கு எழுதுறாய்?"

லாம்பை நான் அணைக்கவில்லை. ஐயாவுக்கும் காணி இருக்கிறது, எங்களுடையது ஒன்பதாவது. செவ்வாய் மாலை ஆறு மணி. எனக்குச் சொல் வராவிட்டாலும் பரவாயில்லை. ஒன்பதாம் வரியில் அவருடைய விரலைப் பிடித்து வைத்து, அதிலிருந்து கீழே ஒவ்வொன்றாக இருபது வரைக்கும்